எழுபத்தொன்பது காட்டிய விரல்

கருவியின் சின்னக் கண்ணாடியில் சிவப்பு எண் இரண்டு முறை மின்னி நின்றது. எழுபத்தொன்பது.

கழற்றினேன். உதறினேன். அடுத்த விரலில் மாட்டினேன். எண்பத்தொன்று. அதற்கும் அடுத்த விரலில் எண்ணே வரவில்லை. இரண்டு சிறு கோடுகள் மட்டும் நின்றன.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் முறுக்கைக் கடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, ரேடியோவுல டேசன் கிடைக்கலையா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொரோனாக் காலத்துக்குப் பிறகு இந்த விரல் கிளிப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சொல்லும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. எழுபத்தொன்பது என்றால் முறுக்கு தின்கிற நிலைமையே இல்லை.

நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இடம், வெம்பக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஒரு சிற்றூரின் பள்ளிக்கூட வராண்டா. ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணி. பட்டாசுக் கம்பெனி வேன் அப்போதுதான் பெண்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. வந்தவர்கள் செருப்பைப் படிக்கு வெளியே கழற்றினார்கள். வராண்டாவில் கால் வைக்கும்முன் ஒவ்வொருவரும் இரும்புக் கம்பியை ஒரு முறை தொட்டுக்கொண்டார்கள். பட்டாசு செய்யும் கொட்டகையான செட்டுக்குள் நுழையும்போது உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக வாசல் தகட்டைத் தொடுகிற பழக்கம். வேலை முடிந்தாலும் கை மறப்பதில்லை.

பேச்சியம்மாளின் நகங்களைப் பார்த்தேன். நீலமும் சாம்பலும் கலந்த நிறம். பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கம் படத்தோடு கண்முன் வந்து நின்றது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் நகமும் உதடும் நீலம் பூக்கும். அதற்கு சயனோசிஸ் என்று பெயர். அந்தச் சொல்லை நோயாளிச் சீட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அழுத்தமாகவே போட்டேன்.

பக்கத்தில் நின்ற முத்துமாரி என் வெள்ளைக் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். பிளஸ் ஒன் மாணவி. எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஆறு பேரில் ஒருத்தி.

"அக்கா, அது வந்து..."

"சும்மா இரு மாரி. பேசண்ட் சீரியஸ்."

போன வாரம் இந்தத் தொடரில் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு எத்தனையோ கடிதங்கள். திருத்தங்கலிலிருந்து ஒரு வாசகி நார்த்தங்காய் ஊறுகாயே அனுப்பிவிட்டார். இந்த வாரம் எழுதப்போவது நான் சொன்ன அந்த மூன்று சொற்களைப் பற்றி. இதற்கு ஊறுகாய் வராது என்று தெரியும்.

புரியாதவளே வாத்தியார்

அந்த வராண்டாவுக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்று சொல்ல, விடுதி மொட்டைமாடிக்குப் போக வேண்டும்.

முதல் ஆண்டில் எனக்கு உடற்கூறியல் கல்லாக இருந்தது. ஆமத்தூர் அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் இடம் வாங்கி வந்தவள் நான். எங்கள் வீட்டில் அதற்குமுன் பள்ளிக்கூடப் படி ஏறியவர் யாரும் இல்லை. கல்லூரியில் ஆங்கிலம் மழையாகப் பெய்தது. நான் குடையில்லாமல் நின்றேன். என் அறைத் தோழி நிவேதாவுக்குச் சென்னை. அப்பா, அம்மா இரண்டு பேருமே டாக்டர்கள். அவள் படித்தால் புரியும், எனக்குப் படித்தாலும் புரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் துணி காயும் மொட்டைமாடியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து படிக்க ஆரம்பித்தோம். முதல் இரண்டு வாரம் நிவேதா பாடம் எடுத்தாள். நாங்கள் தலையாட்டினோம். மூன்றாவது வாரம் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"செல்வி, நீ தலையாட்டுற வேகத்தப் பார்த்தா உனக்கு ஒண்ணுமே புரியலன்னு தெரியுது. அடுத்த வாரம் நீ எடு."

"நானா? எனக்குத்தான் புரியலையே!"

"அதான். புரியாதவங்கதான் எடுக்கணும்."

கோபத்தில் சொன்னது சட்டமாகிவிட்டது. யாருக்கு எது புரியவில்லையோ, அடுத்த வாரம் அவர்தான் அதற்கு வாத்தியார். எனக்கு வந்தது தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கூட்டம். ஐந்து வேர்கள், மூன்று தண்டுகளாகி, ஆறாகப் பிரிந்து, மறுபடி மூன்று கயிறுகளாகச் சேர்ந்து, ஐந்து கிளைகளாக முடியும். ஒரு வாரம் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமை பிடிபட்டது. சரவெடி பின்னுகிறவர்கள் இழையைப் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரிப்பதைச் சின்ன வயதில் எத்தனை தெருவில் பார்த்திருக்கிறேன்!

ஐந்து நிறத்தில் நூல் வாங்கினேன். ஞாயிறன்று துணி காயும் கொடியில் கட்டி, பின்னிக் காட்டினேன். நிவேதா எழுந்து நின்று கை தட்டினாள். அந்த ஆண்டு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த நரம்புகளை "செல்வி சரம்" என்றே படித்தார்கள். வாய்மொழித் தேர்வில் ஒரு பையன் பதற்றத்தில் ஆசிரியரிடமே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டான். அவன் தேறிவிட்டான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சொல்லிக் கொடுத்தால்தான் நமக்கே புரிகிறது என்று அந்த மாடியில்தான் தெரிந்துகொண்டேன். பெருமையாகவும் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பெருமை.

சனிக்கிழமைக்காரிகள்

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஆசை பெருத்தது. மாடியில் நடப்பதை வெளியே கொண்டுபோனால் என்ன? பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஆறு பேரைச் சேர்ப்பது. சனிக்கிழமை மாலைகளில் ரத்த அழுத்தம் பார்க்க, தீக்காயத்துக்கு முதலுதவி செய்யப் பழக்குவது. அவர்களே ஊர்க்காரர்களைப் பரிசோதிப்பது. மாணவர்களே நடத்தும் இன்டர்ன்ஷிப்.

சமூக மருத்துவத் துறையின் மேடம் எங்கள் விண்ணப்பத்தை நின்றுகொண்டே படித்தார்.

"நீங்களே இன்னும் படிச்சு முடிக்கல. நீங்க சொல்லிக் கொடுக்கப் போறீங்களா?"

"புரியாதவங்கதான் மேடம் எடுக்கணும்" என்று நிவேதா உளறினாள். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் மூன்று சனிக்கிழமைகளுக்குக் கையெழுத்துப் போட்டார்.

முதல் சனிக்கிழமையே சொதப்பினோம். நல்ல உடல்வாகுள்ள இரண்டு பெண்களுக்குச் சின்னப் பட்டையைக் கையில் சுற்றி அழுத்தம் பார்த்தோம். தடித்த கையில் சின்னப் பட்டை கூடுதலாகத்தான் காட்டும். இருவரையும் அவசரம் என்று எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கே பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. ஒருவர் பயத்தில் வீட்டில் யாருக்கும் சோறு ஆக்கவில்லையாம். அங்கிருந்த டாக்டர் மேடத்துக்குப் போன் செய்தார். மேடம் எங்களைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்லாதவங்கள இன்னொரு தடவை பயமுறுத்தி அனுப்பினா, அன்னைக்கே நிறுத்திருவேன். மூணாவது சனிக்கிழமை நானே வரேன்."

நிறுத்தினால் எங்களுக்கு ஒரு திட்டம் போகும், அவ்வளவுதான். அந்த ஆறு பேருக்கு? முத்துமாரி அந்த இரண்டு வாரத்தில் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் இதயம் வரைந்து, தெருவிலுள்ள எல்லோருக்கும் நான்கு அறைகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா, "எங்க வீட்லயே ரெண்டு ரூம்புதான். நெஞ்சுக்குள்ள நாலா?" என்று கேட்டாராம்.

பேச்சியம்மாளின் விரலில் எழுபத்தொன்பது வந்தது அந்த மூன்றாவது சனிக்கிழமை. மேடம் நாலரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஒரே சித்திதான்

நிவேதா நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"வெம்பக்கோட்டை ரோடு சார்... ஸ்கூல்... பக்கத்துலயா? பக்கத்துல ஒரு வேப்பமரம் இருக்கு."

"வேப்பமரம் இல்லாத ரோடு இந்தப் பக்கம் எங்கன இருக்கு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இன்னொருவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "ஏ பேச்சி, உனக்கு வண்டி வருதாம்லா!"

"எனக்கு எதுக்குலா வண்டி?" பேச்சியம்மாள் முறுக்கை மடியில் வைத்தார். முதல்முறையாக அவர் முகத்தில் கலக்கம் தெரிந்தது. "டாக்டரம்மா, எனக்கு என்ன செய்யுது? எனக்கு ஒண்ணும் செய்யலையே. காலையில இருந்து மத்தாப்பு செட்டுல நின்னுட்டுத்தான வாரேன்?"

"பேசாதீங்கக்கா. பேசினா மூச்சு வாங்கும்" என்றேன். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. எனக்குத்தான் வாங்கியது.

முத்துமாரி பக்கத்தில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சும்மா இரு என்று நான் சொன்னதும் வெளியே ஓடியிருக்கிறாள். எதிர்வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு கையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி, தோளில் பழைய துணி, இன்னொரு கையில் சோப்புத் தண்ணீர் உள்ள கிண்ணம். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பேச்சியம்மாளின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"சித்தி, கைய நீட்டுங்க."

வலது கை ஆட்காட்டி விரலை மட்டும் பிடித்தாள். எண்ணெய் விட்டு நகக்கண் வரை தேய்த்தாள். துணி சாம்பல் நிறமாகி மினுங்கியது. சோப்புத் தண்ணீரில் முக்கி, துடைத்து, கிளிப்பை எடுத்து மாட்டினாள்.

தொண்ணூற்றெட்டு.

அதைக் கழற்றி, தேய்க்காத பக்கத்து விரலில் மாட்டினாள். எண்பது. மறுபடி ஆட்காட்டி விரல். தொண்ணூற்றெட்டு.

"இது தொண்ணூத்தெட்டு. இது எம்பது" என்றாள் என்னைப் பார்த்து. "ஒரே சித்திதான்க்கா."

கம்பி மத்தாப்பில் சேர்க்கும் அலுமினியப் பவுடர். செட்டில் நின்று வேலை பார்ப்பவர்களின் விரலில், நகத்தில், கைரேகையின் ஒவ்வொரு வரியிலும் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெறும் சோப்புக்குப் போகாது. கருவியின் வெளிச்சம் தோலுக்குள் போகவே அது விடவில்லை. நான் நீலம் என்று எழுதியது நோயே அல்ல, ஒரு நாள் வேலை.

இதில் மோசம் என்ன தெரியுமா? என் அம்மாவும் மத்தாப்பு செட்டுதான். என் பள்ளி மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு மாதமும் அம்மாவின் கட்டைவிரல் ரேகை இருக்கும். மை தேவைப்பட்டதில்லை. வெள்ளியாகவே பதியும். சோற்றுத் தட்டில், தண்ணீர்ச் சொம்பில், என் சீருடைக் காலரில் எல்லாம் அந்த வெள்ளிதான். இருபது வருடம் அந்தக் கைகளைப் பார்த்தவள் நான். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் எனக்குப் புத்தகத்தின் கை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"சார், மன்னிச்சிருங்க, வண்டி வேண்டாம்" என்று நிவேதா போனில் சொல்லிக்கொண்டே திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

தூணுக்குப் பக்கத்தில் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

தட்டில் வைத்துக் கொடுத்த பாராட்டு

எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கைப்பையை மேசையில் வைத்துவிட்டு நேராக முத்துமாரியிடம்தான் போனார்.

"ஏம்மா ஒரு விரலை மட்டும் தேய்ச்ச? எல்லாத்தையும் தேய்ச்சிருக்கலாமே?"

"எல்லாத்தையும் தேச்சுட்டா எதனால மாறுச்சுன்னு எப்படி மேடம் தெரியும்? கிளிப்பு தானா சரியாயிருச்சுன்னுல்லா சொல்லுவாக."

மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"செல்வி, உனக்கு இந்தப் பக்கம்தானே ஊர்? பவுடரா இருக்கும்னு நீதான் சொல்லி அனுப்பினியா?"

தட்டில் வைத்து நீட்டுகிற பாராட்டு. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கமும் இருந்தது. திட்டம் பிழைக்கும், ஆறு பேரும் அடுத்த வாரம் வருவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. முத்துமாரியே என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். ஆமான்னு சொல்லுங்கக்கா என்பதுபோல.

"இல்லை மேடம். அவ சொல்ல வந்தா. நான் சும்மா இருன்னு சொல்லிட்டேன். சீட்டுல சயனோசிஸ்னு எழுதினது நான்தான். வண்டிக்குப் போன் போகக் காரணமும் நான்தான்."

மேடம் சீட்டை வாங்கிப் பார்த்தார். அந்த இரண்டு கோடுகள் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும் அளவுக்கு இருந்தன.

"மூச்சு நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணினியா?"

"இல்லை மேடம்."

"அவங்க என்ன வேலை பார்க்கிறாங்கன்னு கேட்டியா?"

"இல்லை மேடம்."

"முறுக்கு தின்னாங்களே, அதையாவது பார்த்தியா?"

பெண்கள் கூட்டம் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடம் சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் புரட்டி முடிக்கும்வரை உங்களையும் கொஞ்சம் காக்க வைக்கிறேன். எங்களை அப்படித்தான் காக்க வைத்தார்.

பத்தாம் வகுப்பிலேயே நான் இதய அறுவை மருத்துவராவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் இன்றைக்கும் எனக்கு "ஹார்ட்டு டாக்டரம்மா" என்றுதான் பெயர். இப்போது பயிற்சி மருத்துவராக வார்டு வார்டாகச் சுற்றிவருகிறேன். மேற்படிப்புக்குச் சமூக மருத்துவம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஊரில் சொன்னபோது டீக்கடைக்காரர் மிகவும் வருத்தப்பட்டார். "அப்ப ஆபரேசனே கிடையாதா? கத்தி கூடத் தர மாட்டாகளா?" இல்லை அண்ணாச்சி, கேள்வி கேட்கிற வேலை என்றேன். "அதுக்கு எதுக்கு அம்புட்டு வருசம் படிப்பு?" என்றார்.

நிவேதா குழந்தை மருத்துவம் படிக்கப் போகிறாள். அவளுடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கும் கீழே முதல் வரி, அப்பா அம்மா என்ன வேலை என்பதுதான். முத்துமாரி டாக்டருக்குப் படிப்பாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். "ஊசியப் பாத்தா எனக்குக் கிறுகிறுன்னு வருதுக்கா" என்று சொல்லிவிட்டு இயற்பியல் படிக்கப் போய்விட்டாள். எங்களுக்குப் பின்னால் வந்த மாணவர்கள் சனிக்கிழமைகளை நடத்துகிறார்கள். விடுமுறைக்கு வந்தால், கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்ற வகுப்பை மருத்துவ மாணவர்களுக்கு எடுப்பது அவள்தான்.

சனிக்கிழமைகளா, அவை நிற்கவில்லையா என்று கேட்பீர்கள். பதிவேட்டை மேடம் மூடிவிட்டார். வராண்டாவுக்கே போகலாம்.

மிச்சம்

"அடுத்த சனிக்கிழமை நான் வர மாட்டேன்" என்றார் மேடம்.

முத்துமாரி கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். நிவேதா என் முழங்கையைப் பிடித்தாள்.

"அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் வர மாட்டேன். தப்பு நடந்தா மறைப்பீங்களோன்னுதான் இன்னைக்கு வந்தேன். நீ மறைக்கல. இனிமே நீங்களே நடத்துங்க, நான் எதுக்கு?" பதிவேட்டை என்னிடம் நீட்டினார். "பயிற்சி பெறுவோர்னு ஆறு பேரு எழுதியிருக்கே. பயிற்றுநர் பக்கத்துல அஞ்சு பேருதான் இருக்கு. இந்தப் பொண்ணு பேரையும் அதுல எழுது."

"எந்தப் பக்கம் மேடம் எழுதணும்?" என்று நிவேதா தடுமாறினாள்.

"ரெண்டு பக்கமும்தான்."

அந்தப் பள்ளிக்கூடம் அப்படி ஒரு சத்தத்தை அதற்குமுன் கேட்டிருக்காது. ஆறு பெண்களும் கத்தினார்கள். காரணம் தெரியாமலே ஊர்ப் பெண்களும் கத்தினார்கள். முத்துமாரி மட்டும் சுருக்கமாக, "பேரு பெரிய எழுத்துல இருக்கட்டும்க்கா" என்றாள். நான் பெரிய எழுத்திலேயே எழுதினேன். எழுதும்போதே, "மாரி, நான் உன்னைப் பேச விட்டிருக்கணும்" என்றேன்.

"விடுங்கக்கா. எங்கம்மா கூடத்தான் சும்மா இருன்னு சொல்லுது. அதுக்குன்னு சும்மாவா இருக்கேன்?"

மேடத்தின் கார் வாசலைத் தாண்டியது. பெண்கள் வீட்டைப் பார்த்து நகர ஆரம்பித்தார்கள். நாற்காலியில் ஒருவர் மட்டும் அசையாமல் இருந்தார். மடியிலிருந்த முறுக்கைத் தேடி எடுத்து மிச்சத்தைத் தின்று முடித்துவிட்டு, பேச்சியம்மாள் இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினார். ஒன்பது விரல்கள் வெள்ளி. ஒன்று மட்டும் தோல் நிறம்.

"எல்லாம் சரி டாக்டரம்மா. இம்புட்டு நேரம் என்னைய உக்கார வச்சு, வண்டி வருதுன்னு மெரட்டி, ஒத்த விரலத் தேச்சு விட்டிருக்கீக. மிச்சம் ஒம்பதையும் யாரு தேப்பா?"

நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தூணில் மாட்டினேன். எண்ணெய்ப் புட்டியை முத்துமாரியிடமிருந்து வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"எந்தக் கையில இருந்து ஆரம்பிக்கட்டும்க்கா?"

"எதுல இருந்தா என்ன? நகக்கண்ணு வரைக்கும் நல்லா அழுத்தித் தேயி" என்றார் அவர், நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "அதுக்குள்ள நான் என்ன வேல பாக்கேன்னு சொல்லுதேன். கேட்டுக்கோ."